ஒன்பது மணி பஸ்

அந்த ஊரில் ஒரே தொழிலை வைத்துக்கொண்டு பிழைப்பவர்கள் அபூர்வம். வீடுகளை எண்ணினால் ஐம்பது தேறும். தொழில்களை எண்ணினால் நூறைத் தாண்டும். முடிவெட்டுகிறவர்தான் மோட்டாரும் பழுது பார்ப்பார். பாதித் தலையை வெட்டிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிவிடுவார். தலைக்குச் சொந்தக்காரர் பாதி முடியோடு தெருவில் நடமாடுவார், யாரும் சிரிக்க மாட்டார்கள். பால் கறக்கிறவர் மதியத்துக்கு மேல் கொத்தனார். நடவுக்காலத்தில் எல்லோரும் வயலில். மற்ற நாட்களில் செங்கல் சூளை, மர அறுவைப் பட்டறை, டவுன் காய்கறி மண்டி என்று திசைக்கு ஒருவர். சோம்பேறி என்று திட்டுவதற்குக்கூட அங்கே ஆள் கிடைக்காது.

ஒரே தொழிலில் நின்றவள் முட்டையக்கா ஒருத்திதான். புருஷன் போனபிறகு கோழிகளை நம்பி இறங்கியவள். காலையில் இட்ட முட்டைகளை வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறுவாள். "இன்னைக்கு முட்டை! இன்னைக்கு முட்டை!" என்று டவுன் தெருக்களில் கூவி விற்பாள். நேற்றைய முட்டையைத் தொட மாட்டாள். அது அவளுடைய கர்வம். விற்று முடிந்ததும் நேரே துணி தைக்கும் கம்பெனி வாசலுக்குப் போவாள். அங்கே அவளுடைய ஒரே மகள் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்கே மிஷின் ஓட்ட வேண்டும் என்பதால் டவுனிலேயே வாடகை அறையில் தங்கிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் தாயும் மகளும் மதிலோரம் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். முட்டையக்காவுக்கு நாள் என்றால் அந்த அரைமணி நேரம்தான். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை.

அதனால்தான், "அக்கா, இந்த வண்டியை நிறுத்தப் போறாங்க. கூட்டமே இல்லையாம். வியாழக்கிழமை அதிகாரி ஒருத்தர் நேர்ல வந்து பார்க்கிறார்" என்று கண்டக்டர் சொன்னபோது அவள் மீதிச் சில்லறையை வாங்க மறந்தாள்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனாள்.

"வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் பஸ்ல வாங்க. எங்க போறீங்கன்னு கேட்டா ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லுங்க, அப்பதான் மனசு இரங்குவாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும், வேற யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

ஐம்பது வீட்டிலும் இதையேதான் சொன்னாள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் வரப்போகிறார்கள், நாலைந்து பேர் வந்தால் பெரிது என்பது அவள் கணக்கு. தன்னைப்பற்றி அவளுக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் விஷயம். அந்த ஊரில் காய்ச்சலில் கிடந்த எந்தப் பிள்ளைக்கும் அவள் கூடையிலிருந்து முட்டை போகாமல் இருந்ததில்லை. வியாழக்கிழமை சூளையில் நெருப்புப் போட ஆளில்லை. மொத்த ஊரும் தலைவாரி, துவைத்த துணி உடுத்தி, பஸ் நிற்கும் மரத்தடியில் நின்றது.

பஸ் திணறிவிட்டது. அதிகாரி கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், முகத்தில் மகிழ்ச்சிதான். முன் சீட்டில் ஆரம்பித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குங்க."

"நீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

ஆறாவது ஆள் பட்டறைக்காரர். ஒரு மரத்தைத் தனியாகத் தோளில் தூக்குகிற உடம்பு.

"உங்களுக்கு என்னங்க?"

அவர் ஒத்திகை பார்க்காத கேள்வி அது. "வயித்துவலிங்க" என்றார்.

"உங்களுக்கு?"

"எனக்கும் அதேதாங்க" என்றார் பக்கத்திலிருந்த முடிவெட்டுகிறவர். பின்னால் நாலு பேர் "எங்களுக்கும்" என்றார்கள்.

அதிகாரியின் முகம் வெளுத்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஊர்ல தண்ணி எங்கிருந்து வருது? எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். "சுகாதாரத் துறைக்கு உடனே சொல்லணும். ஊர் முழுக்கத் தொத்து நோய் போல."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தொத்து நோய் ஊர் என்று டவுனில் பெயர் விழுந்தால் இவள் முட்டையை யார் கையால் தொடுவார்கள்? பட்டறையிலும் மண்டியிலும் இவர்களை யார் உள்ளே விடுவார்கள்? முட்டையக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, போனை வைங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல, கல்லு மாதிரி இருக்காங்க. பஸ்ஸை நிறுத்திடுவீங்கன்னு பயந்து நான்தான் சொல்லச் சொன்னேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

அதிகாரி திட்டத்தான் போனார். வாயைத் திறந்தவர் பட்டறைக்காரரைப் பார்த்தார். அவர் வயிற்றைப் பிடித்தபடியே பாவமாக நின்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நிஜத்துல நீங்கல்லாம் எங்கதான் போவீங்க?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். சூளை, மண்டி, பட்டறை. விடியுமுன் கிளம்பி மெயின் ரோடு வரை நடப்பார்களாம். அங்கே கல் லாரியோ மண் லாரியோ, நின்றதில் தொற்றிக்கொள்வார்களாம்.

"அப்ப இந்த ஒன்பது மணி பஸ் யாருக்கு?"

எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக ஊர் லாரியில் தொங்கியிருக்கிறது, அவளுடைய கூடை சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறது. ஒருவராவது குறை சொன்னதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பஸ் நேரம் மாறினால் நேற்றைய முட்டையைத்தான் விற்க வேண்டும், மகளைப் பார்க்க மதியம் வரை டவுனில் கிடக்க வேண்டும் என்றும் மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. கணக்கு முடியுமுன் வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு மட்டும்தாங்க. இதை விடியக்காலையில விடுங்க ஐயா. அஞ்சரைக்கு விட்டுப் பாருங்க, நிக்க இடம் இருக்காது. நாங்க யாரும் பொய் சொல்லவும் வேண்டியிருக்காது."

"அக்கா, உன் முட்டை?" என்றார் பட்டறைக்காரர்.

"முட்டை ஒருநாள் பொறுக்கும். நீங்க லாரியில தொங்குறது பொறுக்காது."

அடுத்த மாதம் பஸ் அஞ்சரைக்கு வந்தது. சாயங்காலம் எல்லோரையும் திரும்பக் கொண்டுவந்தது. முதல் நாள் டவுனில், "நேத்து முட்டைதாங்க, பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லி விற்றாள். பேரம் கொஞ்சம் கூடியது, கூடை காலியானது. பஸ் நிஜமாக வரும்வரை மகளிடம் மூச்சு விடாதிருந்தவள் மதியம் மதிலோரம் பஸ் கதையைச் சொன்னபோது, மகள் பாதியில் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"அஞ்சரை பஸ் தினமும் வருமா?"

"ஆமா, தினமும்தான். ஏன்டி?"

மகள் கையைக் கழுவிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். என்னவோ கோபம் போல என்று தாய்க்குக் கவலையாக இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் முட்டையக்காவுக்கு யாரோ ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டை, அவற்றுக்குப் பின்னால் மூச்சிரைக்க மகள் ஏறினாள்.

"தள்ளி உட்காரும்மா" என்றாள். "ரூமைக் காலி பண்ணிட்டேன்."