கேட்கக்கூடாத கேள்வியோடு வந்த ஹெல்வி

காய்கிற வலைக்கு ஒரு மணம் உண்டு... பாசியும் உப்பும் வெயிலும் கலந்த மணம். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக் கரையில் பின்னேரங்களில் அந்த மணம் ஆளை அரைத் தூக்கத்திலேயே வைத்திருக்கும். அதற்கு நடுவே, தோளில் டேப் ரெக்கோடர் தொங்க, மூக்கு சிவந்த ஒரு வெள்ளைக்காரி.

எண்பத்து மூன்றின் தொடக்கம். தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரத்துக்கு முந்தின மாதங்கள். நான் கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் போய் இங்கிலிஸ் படிப்பிக்கிற புது ரீச்சர்.

ஹெல்வி எஸ்தோனியாவில் ஒரு தீவில் பிறந்தவர். சுவீடனில் வளர்ந்தவர். கணவருக்கு எங்கள் பக்கம் வள்ளம் கட்டுகிற இடத்தில் வேலை. இவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

மொழி ஆராய்ச்சிதான் தொழில். எஸ்தோனிய மொழி, பின்லாந்து மொழி, அவற்றுக்குச் சொந்தக்கார மொழிகளாகக் கரையோரமாய் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சின்ன மொழிகள்... சிலதைப் பேச ஒரு கிராமத்துச் சனம்கூட மிச்சமில்லையாம். சுவீடனுக்கு அகதியாய் வந்த கிழவர்களின் குசினிகளில் போய் இருந்து, காற்றுக்கும் வலைக்கும் அவர்கள் சொன்ன சொற்களை டேப்பில் பிடித்தே பேர் எடுத்தவர். எங்கள் கடல்காரர் என்ன சொல்லுகிறார்கள் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மொழிபெயர்க்க நான்.

ஒருநாள், கரையில் ஒரு கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, உங்கள் அம்மா இருக்கிறாவா என்று கேட்டேன். இருக்கிறா, அந்தத் தீவிலேயே, என்றார். பிறகு தானாகவே சொன்னார்...

இரண்டாம் உலக யுத்த காலம். தகப்பன் இவரையும் தம்பியையும் வள்ளத்தில் ஏற்றியிருக்கிறார். படுக்கையில் கிடந்த தன் தகப்பனை விட்டுவிட்டுத் தாய் வரமாட்டேன் என்றுவிட்டார். கரை வரைக்கும் வந்தாராம். எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வள்ளம் தள்ளினதும் திரும்பி நடந்துவிட்டார்.

"பெத்த பிள்ளையள் எங்கை போகுதுகள் எண்டு கேக்காத தாயும் இருக்கு, பார்." இங்கிலிஸில்தான் சொன்னார். எனக்கு அது எங்கள் தமிழிலேயே கேட்டது.

அந்தத் தீவு சோவியத்தின் கையில், போக விசா தரமாட்டார்கள் என்பார். கேட்டுப் பார்த்தீர்களா என்றால் பேச்சை மாற்றிவிடுவார். கடலுக்கு அந்தப் பக்கத்து மொழிகளுக்காகவே காலத்தைக் கழித்த மனுசி, தன் தாயிடம் போக ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. எனக்கு மனம் பாரமாகிவிட்டது.

இனி, அவர் செய்த கூத்துக்கு வருகிறேன்.

புத்தகம் ஒன்றைப் பார்த்து முதல் முதல் பாடமாக்கிய தமிழ் வசனம், "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" வழியில் ஆரைக் கண்டாலும் அதுதான் வணக்கம். அந்தோனி அண்ணை துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கடலுக்கு இறங்குகிற நேரம் பார்த்து, முகம் முழுக்கச் சிரிப்போடு கேட்டுவிட்டார்.

அண்ணை அப்படியே நின்றார். "ஒரு இடமும் இல்லை, பிள்ளை" என்றுவிட்டுத் துடுப்பை வேலியில் சாத்திவைத்து வீட்டுக்குள் போய்விட்டார். அன்றைக்கு அவருக்குக் கடல் இல்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் முழுக் கரையுமே ஒளித்து விளையாடத் தொடங்கியது. பிள்ளைகள் வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்துக் கைகாட்ட, தகப்பன்மார் பின்பக்கத்தால் பதுங்கிப் பதுங்கி இறங்கினார்கள். ஹெல்விக்கு முகம் வாடிவிட்டது. தன்னை ஆருக்கும் பிடிக்கவில்லை, வந்தது வீண் என்றார்.

கடைசியில் அந்தோனி அண்ணையின் மனைவி மேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ரீச்சர், அந்த மனுசி தங்கமானவ. ஆனா கடலுக்கு வெளிக்கிடுறவையிட்டை எங்கை போறியள் எண்டு கேக்கக் கூடாது எண்டு சொல்லிவிடுங்கோ. கேட்டால் போனவை சுகமாய்த் திரும்பி வரமாட்டினம் எண்டு எங்களுக்கு ஒரு பயம். பெண்சாதி நான்கூட ஒருநாளும் கேட்டதில்லை. எப்பிடிக் கேக்கிறது, ஆசையான ஆக்களிட்டை?"

நான் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஹெல்விக்குச் சொல்லுக்குச் சொல் இங்கிலிஸில் சொன்னேன். ஹெல்வி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடல் பக்கம் திரும்பினார். காற்று விழுந்து, தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது.

"எங்கடை தீவிலையும் இதே வழக்கம்தான். கிழவர் சொல்லிச் சொல்லி நானே அதைப் புத்தகத்திலை எழுதியிருக்கிறன். ஒருநாளும் அம்மாவோடை சேத்துப் பாக்கேல்லை..." என்றார்.

மேரி அக்காவுக்கு அந்த இங்கிலிஸ் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து குந்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கலவரத்துக்கு முன்பே அவர்கள் போய்விட்டார்கள். நெடுநாள் கழித்து ஒரு போஸ்ட்காட் வந்தது. விசா கிடைத்ததாம். தாயைக் கண்டாராம். ஏன் அம்மா அன்றைக்குக் கேட்கவில்லை என்று கேட்டதற்கு, தாய் இவரை ஒரு விசரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாராம். "கடலிலை போற பிள்ளையளிட்டை ஆர் அதைக் கேப்பினம்?"

நான் அதை வாசித்துக் காட்டியபோது மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அப்போது எங்கள் கரையில் வள்ளங்கள் எல்லாம் கவிழ்த்தபடி கிடந்தன. சண்டை தொடங்கி, கடலுக்குப் போக ஆமி போட்ட தடை.

பிறகு நாங்களும் சிதறினோம்... நான் இப்போது கனடாவில். இங்கே கேட்கவே தேவையில்லை. மகள் எந்தத் தெருவில் நிற்கிறாள் என்று போனே காட்டும். அவள் வாசலில் சப்பாத்துப் போடும்போது நான் பேசாமல் நிற்பேன். எங்கே என்று கேட்க வாய் வராது. மேரி அக்கா அன்றைக்குச் சொன்னது எனக்குள்ளும் ஒட்டிவிட்டது.

போன கிழமை அவள் சிநேகிதியோடு போனில் கதைத்தது காதில் விழுந்தது. "எங்கடை அம்மா ஒருநாளும் நான் எங்கை போறன் எண்டு கேக்கமாட்டா. அவவுக்கு அக்கறை இல்லை."

இதை உங்களுக்கு எழுதுவதற்கு முன்னம் அவளுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது கீழே சப்பாத்துச் சத்தம் கேட்கிறது... போய் மறிக்கிறேன்.