ஜன்னல் மேடையில் வைத்த தட்டு

மகளின் ஈரலில் நீர்க்கட்டி, அதற்குள் நாடாப்புழுவின் கருக்கள் என்று சேலத்து மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னபோது, எனக்குப் பயத்துக்கு முன்னால் அருவருப்பு வந்தது. நாயின் குடலில் வளரும் புழுவாம். எங்கள் பட்டியில் ஆடறுத்த கழிவைத் தின்று திரிந்த நாயைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவள் அவள்.

“இது மனுசருக்கு மனுசர் ஒட்டாதுங்க. பயப்படாதீங்க” என்றார் மருத்துவர். தலையாட்டினேன். நாமக்கல் திரும்பியதும் அவளுடைய தட்டையும் தம்ளரையும் அடுக்கிலிருந்து எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். எம்.காம். படித்தவள் நான்.

கட்டிக்குள் மருந்து விட்டுப் புழுக்கருவைக் கொன்றபிறகே எடுப்போம் என்ற மருத்துவரிடம், ஆபரேஷனுக்கு முன்பு, “எத்தனை காட்டமான மருந்தா இருந்தாலும் ஊத்துங்க. ஒண்ணுகூட உசுரோட மிஞ்சக் கூடாதுங்க” என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த மகள் சிரித்தாள். “ஏம்மா, ஊத்தறது என் வயித்துலீங்க. பாத்துச் சொல்லுங்க.”

கட்டியை எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் அவள் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கத்திலும் சொறிந்துகொண்டே இருந்தாள். மறுபடி சேலம். மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். புழுக்கருவைக் கொல்லக் கட்டிக்குள் விட்ட மருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை வழியாகப் பித்தக்குழாய்க்குள் இறங்கியிருக்கிறது. குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கிவிட்டது. உள்ளே சிறு குழாய் வைத்து விரித்துப் பார்க்கலாம். விரியாவிட்டால் ஈரலையே மாற்ற வேண்டி வரலாம்.

நான் சொன்னதற்காக அவர் மருந்தைக் கூட்டவில்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

குழாய் வைத்து வீட்டுக்கு வந்த அன்று அவளே சமையலறைக்கு வந்தாள். மேடையிலிருந்த தட்டை எடுத்தாள்.

“புழு எப்பவோ செத்துப் போச்சுங்கம்மா. இது இன்னும் எதுக்கு இங்கயே கெடக்குது?”

“அது உன்ற தட்டுதான சாமி” என்றேன்.

“அப்ப, அடுக்குல இருக்கறதெல்லாம் ஆருதுங்க?”

கோபமாகக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். தட்டை வாங்கிக் கழுவி, எங்கள் தட்டுகளுக்கு நடுவில் செருகினேன். மறுநாள் அதிலேயே நான் சாப்பிட்டேன். அவள் பார்த்தாள்.

பித்தக்குழாய் விரிகிறதா என்று அடுத்த மாதம் பார்ப்பார்கள். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் குறைந்தமாதிரி இருக்கிறது. வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுகிறது. இன்று மதியம் சாப்பிட்டு முடித்தவள் அடுக்கின் பக்கம் போகவில்லை. தட்டைக் கழுவி, பழையபடி ஜன்னல் மேடையில் கவிழ்த்தாள்.

“இருக்கட்டுங்கம்மா” என்றாள். “கை அங்கதான் போகுது.”