கித்தார் குதியில் ஒரு காயம்

மூன்றாவது முறையும் அக்காவின் கட்டைவிரல் மரத்தில் இடித்தது. "இன்னும் முட்டுது தம்பி" என்று கித்தாரைத் திருப்பி என் மடியில் வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன்.

"அப்ப கடையில போய் வாங்கிக்க."

கடைக் கித்தார் அவளுக்கு ஆகாது. அது தெரிந்துதான் ஈப்போ பக்கத்து லகாட்டில் என் வீட்டு முன்னால், கார் நிறுத்தும் இடத்தில், மூன்று மாதமாக மரத்தூளைத் தின்றுகொண்டிருந்தேன். கித்தாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், அடியில் தடித்து இறங்கும் பகுதியைக் குதி என்பேன். மேல் ஸ்தாயிக்குக் கை போகும்போது கட்டைவிரல் மடங்கி அந்தக் குதியைச் சுற்றிப் போக வேண்டும். அக்காவின் இடது கட்டைவிரல் மடங்காது. விறைத்துப் போய் நாற்பது வருஷமாகிறது.

அப்படியும் ஈப்போவில் எங்கள் சர்ச் பாடல் குழுவுக்கு அவள்தான் இத்தனை காலம் வாசித்தாள். மேல் ஸ்தாயி வரும் இடங்களை மட்டும் விட்டுவிடுவாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. புதிதாக வந்த குழுத் தலைவர் சொன்னார்: "அக்கா, ஈஸ்டருக்கு நீங்க சும்மா பாடுங்க லா, போதும். கித்தாருக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்." அவள் வீட்டுக்கு வந்து கித்தாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றைக்குத்தான் சொன்னேன், ஈஸ்டருக்குள் உன் விரலுக்கு ஒத்த கித்தார் ஒன்று செய்து தருகிறேன் என்று. இப்போது ஈஸ்டருக்கு எட்டு நாள்தான் இருந்தது.

மரம் என்றால், நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரப்பர் மரத் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கட்டையாக்கி, கழுத்தும் குதியும் செதுக்கினேன். செதுக்கியது என் பழைய ரப்பர் பால் வெட்டும் உளியால். கைக்குப் பழகியது அது ஒன்றுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அன்றைக்கு நான் பசையைத் திட்டினேன், மரத்தைத் திட்டினேன், உளியையும் விடவில்லை.

அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குதியைப் பார்த்தாள்.

"இந்தப் பென்சில் கோடு நீ போட்டதுதான?"

"ஆமா. அதுவரைக்கும் வெட்டணும்."

"மூணு தடவ வெட்டியும் கோடு அப்படியே இருக்கே."

"உள்ளே கழுத்தப் பிடிக்கிற போல்ட் இருக்கு. தட்டிடும்."

"அதுக்கு இன்னும் ஒரு விரல் கனம் இருக்கு. துளை போட்டவன் நீதானே?" உளியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நீ இன்னும் பட்டைதான்டா சீவுற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருவரும் வேலை செய்தவர்கள். செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களைச் சாய்க்கும்வரை நான் அங்கே மரம் வெட்டினேன். வெட்டுவது என்றால் பட்டையை மட்டும் சீவுவது. உளிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு காசு கனம் பட்டை நிற்க வேண்டும். மரத்தைத் தொட்டால் காயம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பின்னாலேயே வருவார். ஒரு நீளமான ஆணியால் வெட்டுக்குள் குத்திப் பார்ப்பார். காயம் இருந்தால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், எல்லாரையும் நிறுத்திப் பேர் வாசிக்கும் இடத்தில், "காயம் போட்டவன் முன்னால வா" என்பார். உளியை வாங்கிக்கொண்டு, புல் வெட்ட மண்வெட்டியைக் கொடுப்பார்கள். பத்தொன்பது வயதில் நான் மூன்று முறை அப்படி நின்றிருக்கிறேன்.

அக்கா நின்றது உறைந்த ரப்பர் பால்கட்டியைத் தகடாக அழுத்தும் உருளை மெஷினில். தடுப்புக் கம்பி உடைந்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அக்கா அதைச் சொல்லாத நாளில்லை. ஒரு நாள் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. "கவனமில்லாத பொண்ணு" என்றார் அதே மண்டோர். மறுநாள் பெரட்டில் யாரையும் முன்னால் வரச் சொல்லவில்லை. மரத்துக் காயத்துக்கு ஆள் கேட்டவர்கள், என் அக்காவின் காயத்துக்கு ஒருவனையும் கேட்கவில்லை. நானும் வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த நாய்ப் பயம்தான் இத்தனை வருஷம் கழித்தும் என் மணிக்கட்டைப் பிடித்து, கோட்டுக்கு ஒரு காசு கனம் முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தது.

கித்தார் கம்பிகளைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினேன். மேசையில் இறுக்கி, உளியை வைத்து இழுத்தேன். கோடு போனது. இன்னொரு முறை இழுத்தேன். வேகத்தில் உளி ஒரு இடத்தில் கோட்டையும் தாண்டி ஆழமாகக் கடித்துவிட்டது. சட்டென்று திரும்பி ரோட்டைப் பார்த்தேன், யாராவது வருகிறார்களா என்று. அறுபதை நெருங்கும் வயதில், என் சொந்த வீட்டு வாசலில்! அவமானத்தில் காது சுட்டது.

திரும்ப மாட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தேன். அக்காவின் கை மேலே போனது. இன்னும் மேலே போனது. அவள் இதுவரை வாசித்து நான் கேட்டிராத ஒரு ஸ்வரம் வந்தது.

"முட்டல" என்றாள்.

காயத்தைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தேன். அவள் கித்தாரை நகர்த்திக்கொண்டாள். "அத விடு. விரல் அங்கதான் உக்காருது."

ஈஸ்டருக்கு அவள் எதையும் விடாமல் வாசித்தாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் குழுத் தலைவர் கித்தாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குதியைத் தடவிக்கொண்டே, "நல்லா செஞ்சிருக்கீங்க அண்ணே. இங்க மட்டும் உளி தவறிடுச்சு போல" என்றார்.

"தவறல, நான்தான் வெட்டினேன்" என்றேன். வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.