ஏழாவது சனல்

அந்தப் பெட்டிகள் இரண்டும் இத்தாலியிலிருந்து வந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கே போய்க் குடியேறிய ஒரு குடும்பம், தாங்கள் நடத்தும் மண்டபத்துக்குப் புதியது வாங்கியதும் பழையதைக் கட்டி எங்கள் பங்குத் தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டது. அவை என்ன, எதற்கு என்று பங்குத்தந்தைக்கும் விளங்கவில்லை, பாடகர் குழுவை நடத்திய மாஸ்டருக்கும் விளங்கவில்லை. கடைசியில் விஷயம் என் மாமியார் வழியாக என்னிடம் வந்தது. மாமி அதை ஓர் உதவியாகக் கேட்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே, "கோயில்ல ஏதோ சவுண்ட் பெட்டி வந்திருக்காம். உனக்கு விளங்குமெண்டா போய்ப் பார்" என்றார். விளங்குமெண்டா என்றது எனக்குச் சுருக்கென்றது.

நான் வெள்ளவத்தைச் சைவ வீட்டுப் பிள்ளை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒலிப்பதிவுதான் என் தொழில். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கைக்குள் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்தவேண்டிய ஸ்டூடியோ. இதென்ன வேலை என்று மாமி ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், "கொம்பியூட்டரோட ஏதோ செய்யிறா" என்று சொல்லி அந்தக் கதையை அத்தோடு முடித்துவிடுவார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பெண், பை நிறைய வயர், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். ஒரு சோதனைச் சாவடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு என் சாமான்களைக் கொண்டுபோக பங்குத்தந்தை சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தித் தந்தார். கடிதத்தைப் படித்த சிப்பாய்ப் பையன், கோயில் பாட்டுக்கா அக்கே இவ்வளவு வயர் என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். பிறகு தன்னுடைய இயர்ஃபோன் ஒரு பக்கம் கேட்கவில்லை என்று எடுத்துக் காட்டினான். அங்கேயே நின்று பார்த்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தச் சாவடியில் எனக்குத் தொல்லை இருக்கவில்லை.

பெட்டிகளின் வேலை சொல்வதற்கு இலகுவானது. தேவாலயத்தின் பின்பக்க மேல்மாடத்தில் பாடகர் குழு நிற்கும். ஒலிபெருக்கிகளோ முன்னால் பீடத்துக்கு அருகில். இரண்டுக்கும் நடுவே அதுவரை கைத்தடிப்பில் ஒரு பழைய கேபிள் சுவரோரமாகக் கிடந்தது. இப்போது மாடத்தில் ஒரு பெட்டி, பீடத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு பெட்டி. நடுவே மெல்லிய நெட்வேர்க் கேபிள் ஒன்றே ஒன்று. எல்லா மைக்கின் சத்தமும் அதற்குள்ளேயே போகும். மாடத்தின் மூலையில் லப்டொப்போடு உட்கார்ந்தால் எந்தக் குரலை எங்கே அனுப்புவது, எவ்வளவு அனுப்புவது என்று நானே தீர்மானிக்கலாம். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிவும் செய்யலாம்.

சொல்ல இலகு. செய்யப் போனால் முதல் நாள் முழுக்க லப்டொப்பின் கண்ணில் பெட்டிகள் படவேயில்லை. அவற்றுக்கு இத்தாலி மண்டபத்தில் கொடுத்திருந்த நெட்வேர்க் விலாசம் இன்னும் மாறாமல் இருந்தது. தாங்கள் இத்தாலியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தன. கொட்டாஞ்சேனை விலாசம் கொடுத்த பிறகுதான் முகம் கொடுத்தன. அடுத்ததாக, சத்தத்தோடு டிக் டிக் என்று வெடிப்புகள் வந்தன. இரண்டு பெட்டிகளும் தங்கள் தங்கள் மணிக்கூட்டைப் பார்த்து ஓடினால் அப்படித்தான் வரும். ஒன்று மற்றதைப் பின்பற்றும்படி மாற்றினேன். வெடிப்பு நின்றது. தேவாலயத்தில் யாரும் இல்லை. மாடத்து மைக்கில் மூச்சு விட்டேன், பீடத்துப் பக்கம் அது அப்படியே கேட்டது. அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மாஸ்டருக்கு அது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், முன்கோபக்காரர், காது கூர்மையானது என்று பெயர் எடுத்தவர். பெட்டியில் மைக் செருக இத்தனை துளைகள் இருக்கும்போது ஆளுக்கொரு மைக் வைத்தால் என்ன என்று கேட்டார். நானும் இரவல் வாங்கி வரிசையாக வைத்துவிட்டேன். எங்கள் தேவாலயத் திருநாளுக்கு முந்திய ஞாயிறு பூசை முடிந்ததும், பதிவான குரல்களை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் இருந்து கேட்பது, பிழை விடுகிறவர்களைத் திருத்துவது என்றும் அறிவித்தார்.

பாட்டுகள் எனக்கு வரி வரியாகத் தெரியாது, மைக்குக்கு ஒன்றாகத் திரையில் ஓடும் சனலாகத்தான் தெரியும். மாமியும் அந்தக் குழுவில் நெடுங்காலமாக நிற்பவர், ஏழாவது சனல் அவருடையது. முதல் பயிற்சியில், சத்தத்தின் அளவைக் காட்டும் மீற்றர்கள் எல்லாம் பச்சையில் துள்ள, ஏழாவது மட்டும் அடியிலேயே கிடந்தது. பக்கத்தில் நிற்பவர்களின் குரல் கொஞ்சம் ஒழுகி வந்தது, அவ்வளவுதான். மைக்கை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகிப் பார்த்தேன். விரலால் தட்டினால் சத்தம் வருகிறது, பாட்டுத் தொடங்கினால் காணோம். நான் குனிந்தும் நிமிர்ந்தும் படுகிற பாட்டை மாமி ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த பாட்டின் நடுவில் மாமி இருமினார். ஏழாவது மீற்றர் சிவப்பு வரைக்கும் எகிறி விழுந்தது.

ஹெட்ஃபோனைப் போட்டு ஏழாவதை மட்டும் கேட்டேன். பாட்டு எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல இருந்தது. கிட்டத்தில் மூச்சு மட்டும்தான். நிமிர்ந்து பார்த்தால் மாமியின் உதடுகள் சொல்லுக்குச் சொல் அழகாக அசைகின்றன. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறன்று எல்லாரும் இருந்து கேட்கப்போகிறோம் என்ற மாஸ்டரின் அறிவித்தல் ஞாபகம் வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் என் கணவர், எவ்வளவு பேர் சேர்ந்து பாடினாலும் அம்மாவின் குரல் தனக்குத் தனியாகத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னார். நான் மாமியைப் பார்க்கவில்லை. மாமியும் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, கணவர் கொள்ளுப்பிட்டியில் வேலைக்குப் போன பிறகு, மாமி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "கேட்டனிதானே?" என்றார்.

"ஓம் மாமி."

அதன் பிறகு தானாகவே சொன்னார். மாமா உயிரோடு இருந்த காலம். ஒரு நத்தார் பயிற்சியில், இயேசு பிறப்புப் பாட்டுக்கு நடுவில், மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால், அக்கா கொஞ்சம் மெதுவா, உங்கட குரல் மற்றாக்களையும் இழுத்துக்கொண்டு போகுது என்று சொல்லிவிட்டார். மாமி குரலைக் குறைத்தார். அடுத்த வாரம் இன்னும் குறைத்தார். பயந்து பயந்து குறைத்துக்கொண்டே போய் ஒருநாள் சத்தமே இல்லை. விலகவும் மனம் வரவில்லை. மாமா போன பிறகு, அந்த மாடத்தில் நிற்கும் பெண்கள்தான் மாமிக்கு எல்லாம். பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிப்பதும், களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போவதும் அவர்களோடுதான்.

"அங்கயிருந்து இறக்கிப்போட்டினமெண்டா எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை" என்றார். கொஞ்ச நேரம் திருவினார். "நான் நிப்பாட்டினதை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல, பிள்ளை. அதுதான் எனக்குக் கூடக் கவலை."

ஏழாவது சனல் பழுது என்று சொல்லிவிடுகிறேன், யாருக்கும் தெரியவராது என்றேன். மாமி சிரட்டையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகர் குழு முழுவதும் கீழே இறங்கி முன்வரிசை வாங்குகளில் இருந்தது. பங்குத்தந்தையும் வந்து ஓர் ஓரமாக நின்றார். நான் லப்டொப்பை முன்னால் ஒரு மேசையில் வைத்து ஒவ்வொரு குரலாகப் போட்டேன். தங்கள் குரலைத் தனியாகக் கேட்டவர்கள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார்கள். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஏதோ சொன்னார், சிரிப்பும் பகிடியுமாகத்தான் போனது. ஏழு வந்தது. ஒலிபெருக்கியில் தூரத்துப் பாட்டும் கிட்டத்து மூச்சும்.

இதென்ன என்று மாஸ்டர் கேட்டார். என் பிழைதான், இணைப்புச் சரியாக வரவில்லை என்றேன். ஒரு பிழையும் இல்லாத வேலையைப் பிழை என்று சொல்ல என் நாக்குக் கூசியது. மாஸ்டருக்குக் கோபம் வந்தது. இன்று ஒரு குரல் போனால் திருநாளன்று எல்லாக் குரலும் போகாது என்று என்ன நிச்சயம் என்றார். சின்னப் பிள்ளைகளை நம்பிக் கோயில் காரியத்தில் விளையாட முடியாது, பழைய கேபிளையே திரும்பப் போடுவோம் என்று பங்குத்தந்தையிடம் திரும்பினார். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். நான் லப்டொப்பைப் பார்த்தேன்.

வாங்கிலிருந்து மாமி எழும்பினார்.

"வயர் பிழையில்லை, மாஸ்டர். என்ட மருமகள் போட்ட வயர் பிழைக்காது. நான்தான் பாடேல்ல."

எப்போதிருந்து என்று மாஸ்டர் கேட்டார். மெதுவாகப் பாடச் சொன்ன அந்த நத்தார் பயிற்சியைச் சொல்லி, அதற்குப் பிறகு தான் பாடவே இல்லை என்றார் மாமி. வாங்கில் இருக்காமல் நின்றுகொண்டுதான் சொன்னார். மாஸ்டருக்கு அப்படிச் சொன்னது ஞாபகத்திலேயே இல்லை. அவர் முகத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி பட்ட வெட்கத்துக்காகவா, என்னை விட்டுக்கொடுக்காததற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மாடத்துப் பெண்களில் ஒருவர் மாமியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். இவ்வளவு காலமும் பக்கத்தில் நின்றும் தனக்குத் தெரியாமல் போனதே என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பங்குத்தந்தை நல்ல மனிதர். புதுக் கேபிளே இருக்கட்டும், திருநாளுக்கு எல்லாரும் அவரவர் இடத்திலேயே நிற்கட்டும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

திருநாள் பூசையில் தேவாலயம் நிறைந்து வெளியிலும் சனம் நின்றது. வாசலில் கைப்பைகளைச் சோதித்து முடித்த பெண் பொலிஸும் தூணோரமாக வந்து நின்றுவிட்டார். முதல் பாட்டு எடுத்ததும் ஏழாவது மீற்றர் பச்சையைத் தாண்டி மஞ்சளுக்குப் போனது. மாமிக்குப் பெரிய குரல், கொஞ்சம் கரகரப்பு. மாஸ்டர் அன்று சொன்னதும் பொய்யில்லை. சுருதி ஒரு மயிரிழை விலகித்தான் போனது, பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. மாஸ்டர் வலக்கையால் தாளம் காட்டியபடியே மாடத்து மூலையில் இருந்த என் பக்கம் திரும்பி, இடக்கையைக் கீழே கீழே தாழ்த்தினார், ஏழாவதைக் குறைக்கச் சொல்லி. என் விரல் ஏழாவது சனலில்தான் இருந்தது. நான் காணாதவள்போல முன்னால் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.