அக்கா போட்ட மயில்

எனக்கும் அக்காவுக்கும் எம்பிராய்டரி ஒரே நாளில்தான் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். மாதா கோயில் காம்பவுண்டில் ஒரு ஹாலில் சனிக்கிழமைதோறும் தையல் வகுப்பு நடந்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. ஊசி வேலை தெரிந்த பெண் என்றால் வரன் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா எங்களைச் சேர்த்துவிட்டாள்.

அக்கா கொஞ்ச நாள்தான் வந்தாள். சங்கிலித் தையல் வரைக்கும் போட்டாள். நூல் சிக்கிக்கொண்டால் பிரிக்க மாட்டாள், கத்தரித்துவிடுவாள். பிறகு தலைவலி என்றாள், வெயில் என்றாள், அப்படியே நின்றுவிட்டாள்.

நான் விடவில்லை. ஒரு முழத் துணியில் வரிசைக்கு ஒரு தையலாகப் போட்டுப் பழகினேன். காம்புத் தையல், இலைத் தையல், ஊசியில் நூலைச் சுற்றி இழுக்கும் முடிச்சுத் தையல். பத்திரிகைகளில் வரும் பூ டிசைன்களைக் கிழித்துச் சேர்த்து வைத்தேன். பட்டர் பேப்பரில் டிசைனை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் நீலத்தைக் குழைத்துத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக இறங்கும். அன்றைக்கு வீடே மண்ணெண்ணெய் நாறும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் கிளார்க். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாரே தவிர ஒன்றும் சொல்லமாட்டார். நூல் வேண்டுமென்றால் அரக்கோணம் போகும்போது அவர்தான் வாங்கி வருவார்.

மயிலுக்கு மட்டும் நான் எந்தப் பத்திரிகையையும் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெரு வழியாகக் காவடிகள் போகும். வாசலில் நின்றால் மயில் பீலி கைக்கெட்டும் தூரத்தில் ஆடும். எல்லோரும் அரோகரா சொல்லிக்கொண்டிருக்க, நான் பீலிக் கண்ணில் எந்த நிறத்துக்குள் எந்த நிறம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துதான் படுத்தியது. வெறும் நீலத்தில் போட்டால் பொம்மை மாதிரி இருந்தது. பல தடவை பிரித்தேன். கடைசியில் நீலத்தில் ஓர் இழை, பச்சையில் ஓர் இழை, இரண்டையும் ஒரே ஊசியில் கோத்து, நெட்டையும் குட்டையுமாகத் தையலை மாற்றி மாற்றிப் போட்டேன். துணியைச் சாய்த்துப் பார்த்தபோது கழுத்து மினுங்கியது. யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் அக்காவைத்தான் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிறது என்றாள். அந்த வார்த்தைக்காக அன்று முழுதும் அவள் வேலையையும் சேர்த்து நானே செய்தேன்.

அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாகப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். வீட்டிலேயே தறி வைத்து நெய்கிற குடும்பம். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு சித்தப்பா. நான் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன். மயில் துணியை அம்மா என்னிடம் கேட்காமலேயே பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்திருந்தாள். வீட்டை அழகாகக் காட்டத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா துணியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு முடிச்சுகூட இல்லை. நூல் முனையைப் பழைய தையலுக்கடியில் செருகி முடிக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னதை நான் மீறியதே கிடையாது.

"யார் போட்டது?" என்று கேட்டார்.

"பெரியவதாங்க," என்றாள் அம்மா. "எந்நேரமும் இதே வேலையாத்தான் குந்திகினு இருப்பா."

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நின்றேன். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். அக்கா சிரித்தாள்.

அவர்கள் போனபிறகு நான் அழுதேன். அம்மா திட்டவில்லை. நல்ல இடம், ஒரு வார்த்தையில் கூடி வந்திருக்கிறது, நீ இன்னொன்று போட்டுக்கொள் என்றாள். அதையே பல விதமாகச் சொன்னாள். சீர் வரிசையோடு மயிலும் போனது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர்கள் கூடத்தில் மாட்டியிருப்பதாக, கல்யாணம் முடிந்து முதல் தடவை வந்தபோது அக்காவே சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு துணிகள் வரத் தொடங்கின. நாத்தனாருக்குத் தலையணை உறை, மாமியாரின் அண்ணன் வீட்டுக்கு மேசை விரிப்பு. அக்கா தாய்வீட்டுக்கு வந்தால் பையின் அடியில் துணி இருக்கும். அங்கே வேலை ஒழியவில்லை, அம்மா வீட்டில் உட்கார்ந்து போட்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள். நான் போடுவேன், அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள். உண்மை தெரிந்தால் அவளை அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயந்தாள். அந்தப் பயத்தை என் தலையிலும் கட்டிவிட்டிருந்தாள். அக்காவுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு நானும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மணவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் குடும்பம். அக்காவும் அவள் மாமியாரும் வந்திருந்தார்கள். நான் புதிதாகப் போட்டிருந்த ஒரு விரிப்பு மேசைமேல் இருந்தது. வாத்தியாரின் அக்கா அதைக் காட்டி, பெண் போட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பொதட்டூர்பேட்டை அத்தை பெருமையாக, எங்கள் மருமகள் கைவேலையாகத்தான் இருக்கும் என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

இல்லை, தங்கைதான் போட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதில் பழைய பொய் வெளியே வந்திருக்காது. அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"ஆங், நான்தான் போட்டேன்," என்றாள். "இவளுக்கும் சொல்லிக் குடுத்தேன். இவளுக்கு அவ்ளோவா வராது."

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பெண்ணுக்கு வெட்கம் என்று யாரோ சொன்னது கேட்டது. அந்த இடம் அமையவில்லை. அதற்குக் காரணம் ஜாதகம் என்றார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம் நேராகவே கேட்டேன். முதல் தடவை அம்மா சொன்னாள், நீ சும்மா இருந்தாய், சரி. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எதற்காக அப்படிச் சொன்னாய் என்றேன். அவள் அழுவாள், மன்னித்துவிடு என்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"நீ நாளைக்கே இன்னொண்ணு போட்டுடுவ. அந்த வீட்ல என்கிட்ட இருக்குற மரியாதை அது ஒண்ணுதான். நீயும் அதே மாதிரி போடுவேன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னை இன்னான்னு பாப்பாங்க?"

அவள் சொன்னது எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது. நான் இல்லாமல் அந்த வீட்டில் அவள் இல்லை, அதற்காகவே நான் எங்கும் இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். அடுத்து வந்த துணியை நான் தொடவில்லை. பையில் இருந்தபடியே திருப்பிக் கொடுத்தேன். அம்மா கெஞ்சினாள், பேசாமல் இருந்து பார்த்தாள். அக்கா மாமியார் வீட்டில், குழந்தை பிறந்தபிறகு கண் சரியில்லை, ஊசி கோக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். அதையும் நம்பினார்கள். இவ்வளவு நன்றாகப் போட்ட பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவள் மாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். நான்தான் அவருக்குக் காபி கொடுத்தேன்.

நான் வகுப்புக்கே திரும்பப் போனேன். தையல் ஆசிரியைக்கான அரசுத் தேர்வு இருப்பது அங்கேதான் தெரிந்தது. எழுத்துத் தேர்வுக்கு ஒரு பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். இத்தனை நாள் கைக்குத் தெரிந்திருந்த தையல்களின் இங்கிலீஷ் பெயர்களை அப்போதுதான் மனப்பாடம் செய்தேன். செய்முறைத் தேர்வுக்குக் கொடுத்த டிசைன் ரோஜாக் கொத்து. நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணியின் மூலையில் என் பெயரை எழுதித் தைக்கச் சொன்னார்கள். அதற்கு முன் எந்தத் துணியிலும் நான் பெயர் போட்டதில்லை.

ஆர்.கே.பேட்டை பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. உத்தரவு வந்த அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். அம்மா எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். உங்கள் சின்னப் பெண் எங்கே கற்றுக்கொண்டாள் என்று எதிர்வீட்டம்மா கேட்டார். நான் அம்மாவின் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"எல்லாம் அவங்க அக்கா சொல்லிக் குடுத்ததுதான்," என்றாள் அம்மா.

என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறாளா, குரல் தடுமாறுகிறதா என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அது அவளுக்கு நிஜமாகவே நடந்ததாக ஆகிவிட்டிருந்தது. இனி அவளிடம் சண்டை போடக்கூட ஒன்றும் இல்லை. நைனா தட்டிலிருந்து சர்க்கரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனேன்.