சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ‘ஏடி’

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போச்சு. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் ஆரம்பம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இரண்டு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நடுவில் ஒரே ஒரு சுவர். அடுத்த குடித்தனத்தில் ஒரு டீச்சரும் அவர் அம்மாவும். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளைப் பாட வைத்துக் கிட்டார் வாசிப்பார்.

என் வீட்டுக்காரருக்கு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. திருச்சி பொன்மலையிலிருந்து வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுப்போன பழைய கிட்டார் எப்படியோ அவர் கைக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. கடை விட்டு வந்ததும் காபியைக் குடித்தும் குடிக்காமலும் அதைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலுக்குப் போய்விடுவார். டீச்சரின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு வயிறு எரியும்.

என்னிடம் அவர் அதிகம் பேசமாட்டார். “இந்தா” என்பார், அவ்வளவுதான். பிறந்த ஊரான கறம்பக்குடியில் எங்கள் அண்ணன், அண்ணியை “ஏடி” என்று கூப்பிடுவதையும், அண்ணி பொய்க்கோபத்தோடு திரும்பிப் பார்ப்பதையும் பார்த்து வளர்ந்தவள் நான். நமக்கும் அப்படி ஒருத்தர் வருவார் என்று நினைத்திருந்தேன். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டு வாங்க முடியுமா?

ஒரு சாயங்காலம் அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டார் சத்தம். நடுவில் அவர் குரல்.

“ஏ... டி!”

அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“கூச்சப்படாதீங்க சார், நல்லா வாய்விட்டுச் சொல்லுங்க” என்று டீச்சர் சிரிக்கிறார்.

“ஏ, டி! ஏ, டி!”

எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டிக்கு “இந்தா”, அடுத்த வீட்டுக்காரிக்கு “ஏடி”யா? அதுவும் அவளைப் பெற்ற தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே! அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை, விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாளும் அதே கூத்து. இரண்டு சேலையைப் பையில் திணித்தேன். பஸ் ஏறி ஆத்தா வீட்டுக்குப் போய்விட வேண்டியது, அவராக வந்து கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போது மறுபடியும் காதில் விழுந்தது. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பார்க்காதவள் நான். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம், நேரே அவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

“யாரைப் பாத்து ஏடிங்கிறீங்க? ஒங்க பொண்டாட்டி இங்கிட்டு நிக்கிறேன்!”

கிட்டார் நின்றது. டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. என் வீட்டுக்காரர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. டீச்சரின் அம்மாதான் முதலில் புரிந்துகொண்டு, மடியிலிருந்த கீரையெல்லாம் சிதறச் சிரித்தார்.

“அட ஆண்டவரே! நம்ம ஊருக்குன்னே பாத்து எழுத்து வச்சிருக்கானே வெள்ளக்காரன்!”

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது.

“அடியே, கூறு கெட்டவளே! அது இங்கிலீஷ் எழுத்துடி! இதுல விரல் வைக்கிற பிடிக்குப் பேருடி!”

டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மூன்று விரலைச் சேர்த்து வைத்து மீட்டி, இது ஏ என்றார். விரல்களை மாற்றி, இது டி. இன்னொரு விதமாக வைத்து, இது ஈ. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பிடித்தாலே சந்தோஷமான பாட்டு எத்தனையோ வாசிக்கலாமாம்.

“ஈ-யில நிப்பாட்டுனா வாசப்படியிலயே நிக்கிற மாதிரி இருக்கும். ஏ-க்குத் திரும்புனாத்தான் வீட்டுக்குள்ள வந்த மாதிரி. கேளுங்க.”

கேட்டேன். படிக்காத எனக்கே அது தெரிந்தது. பிறகு ஏ-யில் ஒரே ஒரு விரலை மட்டும் ஒரு கட்டை பின்னுக்கு இழுத்தார். அதுவரை சிரித்த பெட்டி பொசுக்கென்று அழுதது. “இது வேற குடும்பம். நமக்கு இப்ப வேணாம்” என்று விரலைப் பழையபடி வைத்தார்.

உண்மையைச் சொன்னால் என் மனசு பாட்டில் இல்லை. அவர் என்னை “அடியே” என்றதிலேயே நின்றுவிட்டது. பையை உள்ளே வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

டீச்சர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் மேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது. கிட்டார் மேல் இருப்பது தீரவில்லை. என் வீட்டுக்காரர் அதை மட்டும் இத்தனை வருஷமாக “ஏ, டி” என்று கூப்பிடுகிறார். எனக்கு மறுநாளிலிருந்து பழையபடி “இந்தா”தான். கோபத்தில் வாய் தவறி வந்த அந்த ஒரு வசவு எனக்கு இத்தனை காலத்துக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த மூன்று எழுத்தும் நான் எழுதியபடிதான் சேருமா என்று கிட்டார் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துவிடுங்கள். வீட்டிலேயே கேட்கலாம். ஆனால் கேட்டால் போதும், உடனே அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.