மழைக்காட்டில் தும்மிய விலங்கு

அட்டையக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. மழைக்காட்டுக்குள் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போகும்போது ஒரு காலில் அட்டை ஏறினால் போதும், வகுப்பே அலறும். அக்கா அந்த அட்டையைப் பக்குவமாக எடுத்துத் தன் முழங்கையில் விட்டுக்கொள்வாள். "பாவம், பசியோட வந்திருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போகட்டும்" என்பாள். அது குடித்து, குண்டாகி, தானே உதிரும்வரை அங்கேயே உட்கார்ந்து பாடம் நடக்கும். முதலில் அலறிய பிள்ளையே கடைசியில், "அக்கா, எனக்கு ஒண்ணு விடுங்க" என்று கையை நீட்டும். இதற்கு வெளிப்புறச் சுற்றுச்சூழல் கல்வி என்று பெயர். இத்துறைக்கு உழைத்தேன், வியர்வை சிந்தினேன் என்று மேடையில் சொல்பவர்கள் ஏராளம். ரத்தம் கொடுத்த ஆள் அக்கா ஒருத்திதான்.

தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு அவள் இந்த வேலைக்குக் கிளம்பியபோது அம்மா வாசற்படியில் நின்று கேட்டாள்: "காட்டுல போய் என்னடி வேலை? காடு அது பாட்டுக்கு இருக்கப் போவுது."

காட்டை அதன் பாட்டுக்கு இருக்க விடாமல் செய்வதற்கென்றே எத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடுபடுகிறார்கள் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

முதலில் நாற்றங்காலில் போட்டார்கள். காட்டு மர விதைகளை முளைக்கவைத்து, வெட்டவெளியாகிப்போன சரிவுகளில் நட்டு, களை பிடுங்கினாள். பிறகு காட்டோரம் கல்வி மையம் திறந்தபோது பேச்சுத் திறமையைப் பார்த்து அங்கே மாற்றினார்கள். அந்தத் தொடக்க நாட்களில்தான் ஓடைக் குருவியைப் பதிவுசெய்தாள். நீல நிறம், ஓடைப் பாறை இடுக்கில் கூடு கட்டும், வேலைவெட்டி இல்லாத மனிதன் சாவகாசமாகச் சீழ்க்கை அடித்துக்கொண்டு போவதுபோலப் பாடும். அதிகாலையில் ஈரப் பாறையில் பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருந்தபோது, குருவி நல்ல இடத்துக்கு வரும் நேரம் பார்த்து அக்காவுக்குத் தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் இல்லை. பரம்பரைத் தும்மல். அவள் தாய்மாமன் தும்மினால் பக்கத்து வீட்டில் தூளிப் பிள்ளை விழித்துக்கொள்ளுமாம்.

அந்தப் பதிவை அவள் அழிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் போடுவாள். பாட்டு, தும்மல், சிரிப்பு. "சிரிச்சாச்சா? இப்ப கேளுங்க, குருவி என்ன பண்ணுது?" குருவி வாயை மூடிக்கொண்டிருக்கும். வெகுநேரம் கழித்துத்தான் தயங்கித் தயங்கி மீண்டும் பாடும். "நாம காட்டைக் கேக்குற மாதிரி காடும் நம்மளைக் கேக்குது" என்பாள். அவளுடைய பாடங்களிலேயே சிறந்தது அதுதான்.

இந்த நிலையில் மையத்துக்குப் புது மேனேஜர் வந்தார். முன்பு கேளிக்கைப் பூங்கா ஒன்றை நடத்தியவர். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். அவருக்கு ஒரே ஒரு மனக்குறை: காடு சொன்ன நேரத்துக்கு வேலை செய்வதில்லை. வருகிறவர்கள் புகார் எழுதிப் போட்டார்கள். பறவை பாடவில்லை. பூச்சி இருக்கிறது. மழைக்காட்டுக்கு வந்த இடத்தில் மழை பெய்துவிட்டது. கடைசிப் புகாருக்கு மேனேஜர் மன்னிப்புக் கடிதமே அனுப்பினார்.

அக்கா தொலைவில் உள்ள பள்ளிகளுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்த வாரத்தில் அவர் காட்டைத் திருத்திவிட்டார். திரும்பி வந்தவள் உச்சி வெயிலில் ஓடைப் பாதையில் நடந்தாள். குருவி பாடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் அது பாடுவதில்லையே என்று நினைத்தாள். அடுத்த நொடி புதருக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. தன் தும்மல் யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

புதரை விலக்கினால் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பிளாஸ்டிக் காளான். அந்தக் காட்டில் அப்படி ஒரு காளான் முளைத்ததே கிடையாது. உள்ளே ஸ்பீக்கர். பாதை நெடுக இதுபோலப் பல. காளானின் தலையில் நிஜக் குருவி ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டான் என்று அதற்கு எண்ணம். வந்தவனோ களைக்காதவன், பசிக்காதவன், அடித்தால் வலிக்காதவன். பாட்டை நிறுத்துவதே இல்லை. எதிரே பாறை இடுக்கில் குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன. தாய்க்குருவி ஒண்டியாக இரை தேடி அலைந்தது. குஞ்சுகளின் குரல் அக்கா வகுப்பெடுக்கப் போகும்முன் கேட்டதைவிட மெலிந்திருந்தது. பாதையோரத்தில் பளபளவென்று ஒரு பலகை: "அரிய தும்மும் விலங்கின் வாழிடம். அமைதி காக்கவும்."

அக்கா நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஸ்பீக்கரை நிறுத்தணும்."

"ஏம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"குஞ்சுக்கு இரை போகல சார். அப்பன் குருவி காளானோட சண்டை போட்டுட்டு இருக்கு."

"சண்டையா?" மேனேஜர் முகம் மலர்ந்தது. "எத்தனை மணிக்கு? போர்டு வெச்சிடலாமே!"

"சார், குஞ்சு செத்துடும்."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. பறவையா டிக்கெட் வாங்குது? டிக்கெட் வாங்குறவங்களை நாம பாக்கணுமில்ல?"

"சரி, அந்தத் தும்முற விலங்கு எது சார்?"

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். நம்ம பழைய பதிவுல இருந்துச்சு. ஜனங்களுக்குக் குருவியை விட அதுதான் பிடிச்சிருக்கு."

"அது நான் சார்."

"எது?"

"அந்த விலங்கு. ஜலதோஷம் பிடிச்சிருந்துச்சு."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நாளைக்கு நம்ம நிறுவனத் தலைவர் வந்து இந்தக் காளான் ஸ்பீக்கர் வெச்ச ஒலிப்பாதையைத் திறந்து வைக்கிறார். ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

வீட்டில் அக்கா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கணவருக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. போலிகளைப் பற்றி அவருக்கு அனுபவம் அதிகம்.

"இதுல கோவப்பட என்ன இருக்கு? நிஜப் பல்லு மாதிரியே கறையோட செட் செஞ்சு குடுத்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. முத்து மாதிரி இருக்கணும்பாங்க" என்றார்.

"உங்க பல் செட்டு யார் புள்ளையையும் பட்டினி போடல" என்றாள்.

அவர் அவள் தட்டில் ரசம் ஊற்றினார். பிறகு மெல்ல, "என்ன பண்ணப் போற?" என்றார்.

"வேலை போனா பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு எப்படிச் சொல்றது? நீ கேக்கவா போற? சாப்பிடு."

மறுநாள் காலை, விருந்தினர் வருமுன், நாற்றங்காலில் கிளை வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு அக்கா ஓடைக்குப் போனாள். காளானுக்குப் பின்னால், எல்லாக் காளான்களுக்கும் போகும்படி மண்ணில் புதைந்திருந்த வயரைத் தேடிப் பிடித்து நறுக்கினாள். காடு ஒரு மூச்சு விட்டது. அப்பன் குருவி காளானைச் சுற்றிச் சுற்றி வந்தது. வென்றுவிட்டோம் என்று நம்ப அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஓடைக்குப் பறந்தது.

தலைவர் பரிவாரத்தோடு வந்தார். ரிப்பன் வெட்டினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜரின் நெற்றி வியர்த்தது.

"என்னப்பா, கரண்டு இல்லையா?" என்றார் தலைவர், காட்டைப் பார்த்து.

அக்கா முன்னால் வந்தாள். "ஐயா, கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க. தானா கேக்கும்."

சும்மா நிற்பதில் தலைவருக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் நின்றார். குருவி வாய் நிறையப் புழுவோடு வந்தது. வாயில் இரை இருந்தால் எப்படிப் பாடும்? குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டுப் போனது, திரும்ப வந்தது, மறுபடி ஊட்டியது. கடைசியில் பாறைமேல் உட்கார்ந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, ஒரு சின்னப் பாட்டு பாடியது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போன்ல அனுப்பினீங்களே, அதுல இன்னும் தெளிவா இருந்துச்சே" என்றார் தலைவர். "சரி, அந்தத் தும்முறது எங்க? அதுக்காகத்தான் வந்தேன்."

மேனேஜர் அக்காவின் கையைப் பிடிக்காத குறையாக ஒரு மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"வயரை நீங்கதானே வெட்டினீங்க? உங்களை வேலையை விட்டே…" இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, தாயே, ஒரே ஒரு தும்மல்."

படித்த படிப்பு, நட்ட மரங்கள், கொடுத்த ரத்தம் எல்லாம் அக்காவுக்கு ஒரு கணம் நினைவில் வந்து போயின. அத்தனையும் சேர்ந்து அவளை இந்த மரத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. அப்படியொரு கோபம் வந்தது, காளானைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல. பாறை இடுக்கில் குஞ்சுகள் கத்தின. இந்த முறை பலமாக.

"காளானை எல்லாம் கழட்டிடுவீங்களா?" என்றாள்.

"குஞ்சு பறக்குற வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்."

"அப்ப தும்மல் வராது சார்."

"என்னப்பா, வருதா இல்லையா?" என்றது தலைவரின் குரல்.

"கழட்டிடறேம்மா! சத்தியமா! மொத்தத்தையும் கழட்டிடறேன். தும்முங்க!"

அக்கா ஒரு புல்லைக் கிள்ளினாள். மூக்கில் விட்டாள். தாய்மாமனை மனதில் நினைத்துக்கொண்டு தும்மினாள்.

காடு கப்சிப் என்றானது. தலைவர் சிலிர்த்துப்போனார். "கேட்டீங்களா? நல்ல வளந்த ஆணா இருக்கும்" என்றார்.

காளான்கள் போய்விட்டன. சொன்ன சொல்லை மேனேஜர் காப்பாற்றினார், வேறு வழியில்லை. குஞ்சுகள் பறந்துவிட்டன. அக்காவின் வேலையும் தப்பியது, ஒரு கூடுதல் கடமையோடு: முக்கிய விருந்தினர் வந்தால் ஓடையோர மரத்துக்குப் பின்னால் அவள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போடும் பதிவை யாரும் தொடக் கூடாது என்று அவளும் நிபந்தனை போட்டுவிட்டாள்.

மையத்தின் கடையில் இப்போது தும்மும் விலங்கின் பஞ்சுப் பொம்மை விற்கிறது. கரடி பாதி, கீரி பாதி. கழுத்தில் ஒரு சீட்டு: "அழியும் தறுவாயில் உள்ளது. உலகில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்." அந்த மையம் அச்சடித்தவற்றில் அது ஒன்றுதான் உண்மை என்று அக்காவுக்குப் பட்டது. ஒன்று வாங்கி அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னடி ஜந்து?"

"நான்தாம்மா."

அம்மா மறுபடி பார்த்தாள். "மூக்கு உன் மாமனோடது."